மருந்தை உண்பதா, எடுப்பதா? – ஆங்கிலத்தில் பெயரும் வினையும் கைகோத்த வரலாறு



தமிழில் நாம் மருந்து சாப்பிடுகிறோம். மலாய்க்காரர் ‘மாக்கான் உபாட்’ என்பர்; அதுவும் மருந்தை உண்பதே. ஆங்கிலேயர் மட்டும் மருந்தை உண்பதில்லை. ‘டேக்’ என்னும் வினையைச் சேர்த்து எடுத்துக்கொள்கின்றனர். நம் பிள்ளை ஆங்கிலக் கட்டுரையில் ‘ஈட் மெடிசின்’ என்று எழுதினால் அதன்மீது சிவப்புக் கோடு விழுகிறது. “ஏன் ஐயா தவறு?” என்று அப்பிள்ளை கேட்டால் நம்முள் பலரிடம் விடை இருப்பதில்லை. “ஆங்கிலத்தில் அப்படிச் சொல்லக்கூடாது” என்பதோடு முடித்துக்கொள்கிறோம்.

விளக்கப்படாத சிவப்புக் கோடுகள் பெருகும்போது வீட்டில் வேறொரு முடிவு பிறக்கிறது. “பிள்ளை தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுகிறான், தமிழ்தான் அவன் ஆங்கிலத்தைக் கெடுக்கிறது” என்று பெற்றோர் கருதத் தொடங்குகின்றனர். வீட்டில் தமிழ் பேசுவதைக் குறைத்துக்கொள்வோரும் உண்டு. தமிழ்ப்பள்ளியே வேண்டாம் என்று முடிவெடுப்போரும் உண்டு. சிறிய வினைச்சொல் ஒன்று ஒரு குடும்பத்தின் மொழியையே அசைத்துவிடக்கூடும் என்பதால் இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குவது நம் கடமையாகிறது.

எந்தப் பெயர்ச்சொல்லோடு எந்த வினைச்சொல் சேரும் என்பது ஆங்கிலத்தில் எவ்வாறு உருவாயிற்று? அது ஒரு பாடப்பொருளாக எப்போது உணரப்பட்டது? இவ்விரு வினாக்களுக்கும் விடை வரலாற்றில் இருக்கிறது.

வந்தேறிய வினைகள்

ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயின்றுவரும் வினைகள் ‘டேக்’, ‘கெட்’, ‘கிவ்’, ‘மேக்’, ‘டூ’, ‘ஹேவ்’ போன்ற சின்னஞ்சிறு சொற்களே. இவை அனைத்தும் அம்மண்ணிலேயே பிறந்தவை என நாம் எண்ணக்கூடும். உண்மை அவ்வாறன்று.

கி.பி. 793இல் வடகடல் கடந்து வந்த ஸ்காண்டிநேவியர், இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடத்தைத் தாக்கினர். கொள்ளையடிக்க வந்தோரைத் தொடர்ந்து குடியேற வந்தோர் பெருகினர். இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் அவர்கள் ஊர்களை அமைத்து, ஆங்கிலேயரோடு மணவுறவு கொண்டு வாழ்ந்தனர். 1016இல் டென்மார்க்கு நாட்டுக் கனூட் இங்கிலாந்தின் மன்னராகவே ஆனார். அம்மக்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்ததே ‘டேக்’ என்னும் வினை.

அதற்கு முன்னர் ஆங்கிலேயர் எடுத்தலைக் குறிக்க ‘நிமன்’ என்னும் சொல்லை வழங்கினர். ஜெர்மானியர் இன்றும் வழங்கும் ‘நேமன்’ அதன் உடன்பிறப்பு. வந்தேறிய ‘டேக்’ சில நூற்றாண்டுகளுக்குள் ‘நிமன்’ சொல்லை வழக்கிலிருந்தே வெளியேற்றிவிட்டது. உணர்வு மரத்துப்போதலைக் குறிக்கும் ‘நம்’ என்னும் ஆங்கிலச் சொல்லில் மட்டும் அதன் எச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது; உணர்வு ‘எடுக்கப்பட்டது’ என்பதே அதன் பழம்பொருள். ‘கெட்’ என்பதும் நோர்ஸ் தந்த சொல்லே. ‘கிவ்’ என்பதன் முதலெழுத்தைப் பழைய ஆங்கிலேயர் யகரம்போல் ஒலித்தனர். இன்றுள்ள ககர ஒலி நோர்ஸ் மொழியின் தாக்கத்தால் அமைந்தது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். இன்று மருந்து, படம், ஓய்வு, தேர்வு எனப் பலவற்றோடு சேரும் ‘டேக்’ என்னும் வினை ஏரணத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. அண்டை வீட்டாராக வாழ்ந்த இரு மக்களின் கலப்பினால் நிலைபெற்றது.

பிரெஞ்சுப் பெயர்களும் ஆங்கில வினைகளும்

1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றார். அரசவை, நீதிமன்றம் ஆகியவற்றின் மொழியாகப் பிரெஞ்சு நீண்டகாலம் விளங்கிற்று. அடுத்துவந்த நூற்றாண்டுகளில் பிரெஞ்சிலிருந்தும் இலத்தீனிலிருந்தும் ஆயிரக்கணக்கான பெயர்ச்சொற்கள் ஆங்கிலத்துள் புகுந்தன. அறிவுரை, வாக்குறுதி, முடிவு, அனுமதி, கவனம் முதலியவற்றுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொற்கள் அவ்வழி வந்தவையே.

வெளியிலிருந்து வந்த பெயருக்குத் துணையாக வீட்டிலிருந்த வினை வேண்டும் அல்லவா? ‘கிவ்’, ‘மேக்’, ‘ஹேவ்’, ‘டேக்’ ஆகியவை அப்பணியை ஏற்றன. அறிவுரையோடு ‘கிவ்’ சேர்ந்தது. வாக்குறுதியோடு ‘மேக்’ சேர்ந்தது. கவனத்தோடும் வருகையோடும் சேர்ந்தது ‘பே’. இதுவோ வினையும் பிரெஞ்சு வழி வந்ததே. இலத்தீனில் ‘அமைதிப்படுத்துதல்’ என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்து, கடன் கொடுத்தவரை அமைதிப்படுத்துதல், அதாவது கடனைச் செலுத்துதல் என்னும் பொருளை அது பெற்றது. ஆங்கிலேயர் கவனத்தையும் ஒரு கடனைப்போல் செலுத்துகின்றனர்.

பிற மொழியாளர் என் செய்கின்றனர் எனக் காண்போம். பிரெஞ்சுக்காரர் கவனத்தைச் ‘செய்கின்றனர்’. ஸ்பானியர் கவனத்தைக் ‘கடனாகத் தருகின்றனர்’. ஜெர்மானியர் அதனைப் ‘பரிசளிப்பதும்’ உண்டு. தமிழில் நாம் கவனம் செலுத்துகிறோம். வரியையும் கட்டணத்தையும் அதே வினையால்தான் செலுத்துகிறோம். இவ்விடத்தில் தமிழும் ஆங்கிலமும் நன்கு பொருந்துகின்றன. ஆயினும் ‘முடிவு’ என்னும் சொல்லுக்கு வந்தால் வழிகள் பிரிந்துவிடுகின்றன. தமிழில் முடிவு எடுக்கிறோம். பிரெஞ்சிலும் எடுக்கின்றனர். ஜெர்மனியில் அதனைச் ‘சந்திக்கின்றனர்’. மலாயில் ‘பூவாட் கெபுத்துசான்’, அதாவது முடிவைச் செய்கின்றனர். ஆங்கிலத்திலும் பெரும்பாலும் ‘மேக்’ என்பர். பிரிட்டனில் ‘டேக்’ என்பதையும் கேட்கலாம்.

ஆங்கிலேயருக்குள்ளேயே வேறுபாடு உண்டு என்பதையும் குறித்துக்கொள்க. குளிப்பதைச் சொல்லும்போது அமெரிக்கர் பெரிதும் ‘டேக் எ பாத்’ என்பர். பிரிட்டானியர் ‘ஹேவ் எ பாத்’ என்பர். இவ்விரண்டில் எது சரி என்று ஏரணத்தைக் கொண்டு எவராலும் தீர்ப்பளிக்க இயலாது. இரண்டும் அவரவர் மரபு.

ஒரே வினைச்சொல்லால் சொல்லத்தக்கதை ஏன் இரு சொற்களால் சொல்கின்றனர் என்னும் ஐயம் எழலாம். ‘லுக்’ என்று ஒரே சொல்லில் முடிக்கக்கூடியதை ‘டேக் எ லுக்’ என்பதில் பயன் ஒன்று உண்டு. செயலைப் பெயராக்கிவிட்டால் அதனை எண்ணலாம், அடைமொழி சேர்க்கலாம். ‘டேக் எ குவிக் லுக்’ எனலாம். நம் பேச்சிலும் இது உண்டு. “ஒரு பார்வை பார்த்தார்” என்பதற்கும் “பார்த்தார்” என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழர்க்கு விளக்கவும் வேண்டுமோ?

850 சொற்களின் கனவு

இனி, இது ஒரு பாடப்பொருளாக உணரப்பட்ட வரலாற்றுக்கு வருவோம். 1930இல் சி.கே. ஆக்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் ‘பேசிக் இங்கிலீஷ்’ என்னும் திட்டத்தை வெளியிட்டார். 850 சொற்களே போதும். உலகத்தார் அனைவரும் ஆங்கிலத்தை எளிதில் கற்றுவிடலாம் என்பது அவர்தம் நம்பிக்கை. அவற்றுள் வினைகளாக அவர் ஏற்றுக்கொண்டவை 18 மட்டுமே. மற்ற வினைகளையெல்லாம் இச்சிறு வினைகளைப் பிற சொற்களோடு சேர்த்து உணர்த்திவிடலாம் என்றார். நுழைதலைக் குறிக்கும் ‘என்டர்’ எதற்கு? ‘கோ இன்’ போதுமே என்பது அவர் வாதம்.

இத்திட்டம் பெரும் புகழ் பெற்றது. 1943இல் பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் இதனை ஆதரித்துப் பேசினார்.

ஆனால் வகுப்பறையை அறிந்தோர் ஐயுற்றனர். அவர்களுள் மைக்கேல் வெஸ்ட் குறிப்பிடத்தக்கவர். அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்து, வங்காள மாணவர்களின் இடர்ப்பாட்டை நேரில் கண்டவர் அவர். 1934இல் அவரும் வேறு சிலரும் சேர்ந்து ‘பேசிக் இங்கிலீஷ்’ பற்றிய திறனாய்வு ஒன்றை வெளியிட்டனர். சொற்கள் 850 ஆக இருக்கலாம். அவை ஏற்கும் பொருள்களும் சேர்க்கைகளும் அதைப்போல் பல மடங்கு. சொல்லின் எண்ணிக்கையைக் குறைப்பதால் கற்போரின் சுமை குறைவதில்லை. சுமை இடம் மாறுகிறது, அவ்வளவே.

இதனை நாமும் எளிதில் உணரலாம். ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ என்னும் நெடுஞ்சொல்லை நம் பிள்ளைகள் பிழையின்றி எழுதிவிடுகின்றனர். ‘மேக்’ வருமா, ‘டூ’ வருமா என்பதில்தான் தடுமாறுகின்றனர். நீளமான சொல் ஒரு முறை கற்றால் தீர்ந்தது. சிறிய வினையோ ஒவ்வொரு பெயரோடும் புதிதாகக் கற்கப்பட வேண்டியது.

தோக்கியோவில் பிறந்த தெளிவு

ஆக்டன் சொற்களைக் குறைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், ஆசியாவின் மறுகோடியில் வேறொரு பணி நடந்துகொண்டிருந்தது. ஹெரால்ட் பால்மர் என்னும் ஆங்கிலேயர் 1922இல் ஜப்பானுக்குச் சென்றார். மறு ஆண்டே தோக்கியோவில் ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வுக் கழகம் ஒன்று அவர் தலைமையில் தொடங்கப்பட்டது. ஜப்பானிய மாணவர்கள் தனிச்சொற்களைப் பொருளோடு அறிந்திருந்தும், அவற்றைச் சேர்த்து எழுதும்போது ஏன் இடறுகின்றனர் என்பது அக்கழகத்தார் ஆராய்ந்தவற்றுள் ஒன்று. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதை அவர்கள் பட்டியலிடலாயினர். ஆயிரக்கணக்கான சொற்சேர்க்கைகளை வகைப்படுத்திய அறிக்கை 1933இல் வெளிவந்தது.

ஜப்பானின் கியூஷூ தீவில் ஆசிரியராகப் பணியைத் தொடங்கிய ஏ.எஸ். ஹார்ன்பி என்பார் இவ்வாய்வில் பால்மருக்குத் துணைநின்றார். பால்மர் 1936இல் நாடு திரும்பிய பின்னர் ஹார்ன்பி பணியைத் தொடர்ந்தார். கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகிய இருவருடன் இணைந்து ஓர் அகராதியைத் தொகுத்தார். சொல்லின் பொருளைச் சொல்வதோடு நில்லாமல், அச்சொல்லை வாக்கியத்தில் எவ்வாறு அமைப்பது என்பதையும் காட்டிய அகராதி அது.

1941 டிசம்பரில் போர் மூண்டது. பகைநாட்டுக் குடிமகன் என்னும் நிலையில் ஹார்ன்பி ஜப்பானில் தடுத்துவைக்கப்பட்டு, 1942இல் தாயகம் அனுப்பப்பட்டார். மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கையில் வீழ்ந்த அதே 1942ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் தொகுத்த அவ்வகராதி ஜப்பானியத் தலைநகரில் அச்சேறியது. போருக்குப் பின்னர் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதனை மறுபதிப்பாக வெளியிட்டது. நம் பள்ளி நூலகங்களிலும் இல்லங்களிலும் காணப்படும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியின் மூலம் அதுவே. ஆசிய மாணவரின் சிவப்புக் கோடுகளிலிருந்து பிறந்த நூல் அது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

அதே 1942இல் டென்மார்க்கு அறிஞர் ஓட்டோ எஸ்பர்சனின் ஆங்கில இலக்கணப் பெருநூலின் ஆறாம் பகுதி வெளிவந்தது. ‘ஹேவ்’, ‘டேக்’, ‘கிவ்’ முதலியவை பெயரோடு சேரும்போது தம் பொருட்கனத்தை இழந்து நிற்பதைக் கண்ட அவர், அவற்றை ‘இலகுவான வினை’ என்னும் பொருள்படும் பெயரால் சுட்டினார். மொழியியலார் இன்றளவும் அப்பெயரையே வழங்கிவருகின்றனர்.

லாகூரிலிருந்து பர்மிங்காம் வரை

சொற்சேர்க்கையை மொழியியலின் கொள்கையாக உயர்த்தியவர் ஜே.ஆர். ஃபெர்த். 1920களில் லாகூரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்தில் பொது மொழியியல் பேராசிரியரானார். ஒரு சொல்லின் பொருளில் ஒரு பகுதி, அது எச்சொற்களோடு பழகுகிறது என்பதில் அடங்கியுள்ளது என்பதை 1951இல் வெளிவந்த கட்டுரையில் அவர் வலியுறுத்தினார். இரவு என்னும் சொல்லோடு இருள் என்பது அடிக்கடி சேர்ந்துவருவது அச்சொற்களின் பொருளிலேயே ஒரு பகுதி என்றார்.

அவர் வழிவந்த ஜான் சின்கிளேர், 1980இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கணினியின் துணையோடு ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கினார். நூல்கள், நாளிதழ்கள், பேச்சுப் பதிவுகள் எனத் திரட்டப்பட்ட ஏறத்தாழ 2 கோடி சொற்களை ஆராய்ந்து, 1987இல் ‘கோபில்ட்’ அகராதியை அவர் குழுவினர் வெளியிட்டனர். அவ்வாய்வு ஒரு வியப்பை வெளிப்படுத்திற்று. ‘டேக்’ என்றால் கையால் எடுத்தல் என்றே நாம் முதலில் கற்பிக்கிறோம். மக்கள் எழுத்திலும் பேச்சிலுமோ அச்சொல் பெரும்பாலும் அப்பொருளில் வருவதில்லை. பெயர்களோடு சேர்ந்து, தன் பொருள் தேய்ந்த நிலையிலேயே மிகுதியாக வருகிறது. நாம் அடிப்படை என்று கருதியது வழக்கில் சிறுபான்மையாகிவிட்டது. 2002இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் சொற்சேர்க்கைகளுக்கென்றே மாணவர்க்கு ஒரு தனி அகராதியை வெளியிடும் அளவிற்கு இத்துறை வளர்ந்தது.

நமக்கு இது புதிதா?

மேலைநாட்டார் இருபதாம் நூற்றாண்டில் கண்டுணர்ந்த இதனைத் தமிழ் இலக்கணிகள் நெடுங்காலத்திற்கு முன்பே ‘மரபு’ என்னும் பெயரால் பேணி வந்துள்ளனர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம், வேறுவேறு வினைகளுக்குரிய பொருள்களைத் தொகுத்துக் குறிக்கும் பொதுச்சொல்லோடு எவ்வகை வினை சேரவேண்டும் என்பதைப் பேசுகிறது. உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன யாவும் அடங்கியது ‘அடிசில்’. அதனோடு அவற்றுள் ஒன்றற்கு மட்டும் உரிய வினையைச் சேர்த்தல் ஆகாது. ‘அயின்றார்’ போன்ற பொதுவினையே பொருந்தும் என உரையாசிரியர்கள் விளக்குவர்.

நாம் வகுப்பில் நடத்தும் மரபு வினைச்சொற்களும் இதுவே அன்றோ? சோறு உண்கிறோம், முறுக்குத் தின்கிறோம், பால் பருகுகிறோம், மாத்திரை விழுங்குகிறோம், கூடை முடைகிறோம், சுவர் எழுப்புகிறோம், அம்பு எய்கிறோம். பேச்சு வழக்கில் ‘போடு’ என்னும் ஒரு வினையை எடுத்துக்கொள்வோம். விளக்குப் போடுகிறோம்; தேநீர் போடுகிறோம்; கணக்குப் போடுகிறோம்; சண்டையும் போடுகிறோம். தமிழ் கற்கும் ஆங்கிலேயர் ஒருவர் இவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அவர் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். அப்போது அவர்தம் தாய்மொழியாகிய ஆங்கிலம் அவரைக் கெடுத்துவிட்டது என்று எவரேனும் சொல்வரோ?

ஆகவே ‘ஈட் மெடிசின்’ என்று எழுதிய பிள்ளை சிந்திக்கத் தெரியாத பிள்ளை அல்லன். தான் அறிந்த இரு மொழிகளின் மரபை மூன்றாம் மொழிக்கு ஏற்றிப் பார்த்தவன். ஜப்பானியச் சிறுவனும் வங்காளச் சிறுவனும் செய்ததும் அதுவே. தமிழை விட்டுவிட்டால் இவ்விடர் தீராது. ஆங்கில மரபைத் தனியே கற்றுத்தான் தீரவேண்டும்.

வகுப்பறையிலும் வீட்டிலும்

இவ்வரலாறு நமக்குச் சில நடைமுறைகளைக் காட்டுகிறது.

முதலாவதாக, ஆங்கிலப் பெயர்ச்சொல்லைத் தனியே எழுதவைத்தல் போதாது. அதற்குரிய வினையோடு இணைத்தே எழுதவைத்தல் வேண்டும். ‘மிஸ்டேக்’ என்று எழுதாமல் ‘மேக் எ மிஸ்டேக்’ என்றும், ‘ஹோம்வொர்க்’ என்று எழுதாமல் ‘டூ ஹோம்வொர்க்’ என்றும் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டும். தமிழில் தவறும் செய்கிறோம், வீட்டுப்பாடமும் செய்கிறோம். மலாயிலும் இரண்டிற்கும் ‘பூவாட்’ ஒன்றே. ஆங்கிலத்தில் மட்டுமே வழி இரண்டாகப் பிரிகிறது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் அது மனத்தில் தங்கும்.

இரண்டாவதாக, மும்மொழி அட்டவணை ஒன்றைப் பிள்ளைகளையே தயாரிக்கச் செய்யலாம். படம் எடுத்தலுக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் ‘எடு’ என்னும் வினையே வருகிறது. தேர்வைத் தமிழில் எழுதுகிறோம். மலாயில் அதற்கு அமர்கின்றனர். ஆங்கிலத்தில் எடுக்கவும் செய்வர், அமரவும் செய்வர். ஒத்துப்போகும் இடம் எது, பிரியும் இடம் எது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும்போது மூன்று மொழிகளும் ஒருங்கே வளரும்.

மூன்றாவதாக, திருத்தும்போது சிவப்புக் கோட்டோடு நின்றுவிடாமல் சரியான இணையையும் அருகில் எழுதுதல் நலம். “விளக்கைத் திற” என்னும் பொருள்பட ‘ஓப்பன் த லைட்’ என்று நம் நாட்டுப் பிள்ளை எழுதினால், அது மலாயின் ‘பூக்கா லம்பு’ என்னும் வழக்கிலும் சீனர் பேச்சிலும் உள்ளதே என்று சுட்டிவிட்டு, ‘டர்ன் ஆன்’ அல்லது ‘சுவிட்ச் ஆன்’ என்று காட்டுவோம். பிள்ளையின் தலை குனியாது, பிழையும் மறையும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். சோறு உண்டதையும் முறுக்குத் தின்றதையும் பிரித்துச் சொல்லப் பழகிய காதுக்கு, ஒவ்வொரு பெயருக்கும் உரிய வினை ஒன்று உண்டு என்னும் உணர்வு இயல்பாகவே வாய்த்துவிடுகிறது. அவ்வுணர்வை முதலில் ஊட்டுவது வீட்டில் பேசும் தமிழ். எனவே வீட்டில் தமிழைக் குறைக்காதீர்கள், செம்மையாகப் பேசுங்கள். ஆங்கிலத்தின் இணைகளை ஒவ்வொன்றாகக் கற்பிக்கும் பொறுப்பு ஆசிரியர்களாகிய எங்களுடையது.